முதன்முறையாகச் சிறைக்குப் பார்க்கப் போகிறவர்களுக்கு: பினாங்கிலிருந்து ஒரு வழிகாட்டி

உங்கள் வீட்டு ஆள் இன்றைக்கு எந்தச் சிறையில் இருக்கிறார் என்பதைத் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொள்ளாமல் வாசற்படி தாண்டாதீர்கள். போன வாரம் அங்கேதான் இருந்தார் என்பது போதாது. என் தம்பியைப் பார்ப்பதற்காக அம்மாவும் நானும் இரண்டாம் முறை புறப்பட்டபோது, நான் வேலைக்கு விடுப்புப் போட்டு, அம்மா விடியற்காலை நான்கு மணிக்கே எழுந்து தலைக்குக் குளித்து, இரண்டு மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்து ஒரு சிறையின் வாயிலை அடைந்தோம். முகப்பில் இருந்தவர் கணினியைப் பார்த்துவிட்டு, அவரை இரண்டு நாளைக்கு முன்பே வேறு சிறைக்கு மாற்றிவிட்டார்கள் என்றார். வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று அம்மா கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. முந்தின நாள் ஒரு அழைப்பு எடுத்திருந்தால் அந்த அலைச்சல் நேர்ந்திராது.

மலேசியாவில் சிறைகள் மாநில அரசுகளின் கையில் இல்லை. உள்துறை அமைச்சின் கீழ் இயங்கும் சிறைத்துறை, காஜாங்கில் தலைமையகத்தை வைத்துக்கொண்டு, நாடு முழுவதும் உள்ள சிறைகளை நடத்துகிறது. ஆகவே பினாங்கில் பிடிபட்டு, பினாங்கு நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவர் பினாங்கிலேயே இருப்பார் என்று எண்ணிவிடக் கூடாது. ஜார்ஜ்டவுனில் ஜாலான் பென்ஜாராவில் இருக்கும் பழைய சிறையும், பெருநிலத்தில் ஜாவியில் இருக்கும் செபராங் பிறை சிறையும் நமக்குப் பக்கம் என்றாலும், கெடாவின் பொக்கோக் செனாவுக்கோ பேராக்கின் தைப்பிங்குக்கோ தாப்பாவுக்கோ ஒருவரை மாற்றிவிடலாம். கெடாவுக்குப் போக நேர்ந்தால் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: அங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும், ஞாயிற்றுக்கிழமை அலுவலக நாள். பினாங்குக் கணக்கில் நாள் குறித்துவிட்டு அங்கே போய் நிற்கக் கூடாது.

லோக்காப்பா, ரிமாண்டா, தண்டனையா?

நம் மக்கள் 'ரிமாண்ட்' என்ற ஒரே சொல்லை இரண்டு வெவ்வேறு நிலைகளுக்குச் சொல்கிறார்கள். முதன்முறை அலைகிறவர்களின் பாதிக் குழப்பம் இதிலிருந்துதான் வருகிறது. ஒருவரைக் கைது செய்த 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் 5ஆவது பிரிவு. விசாரணை முடியவில்லை என்றால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 117ஆவது பிரிவின் கீழ் காவல்துறை மேலும் நாள் கேட்கும். 14 ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களுக்கு முதலில் 4 நாள் வரை, பிறகு 3 நாள் வரை மாஜிஸ்திரேட் கொடுக்கலாம். 14 ஆண்டும் அதற்கு மேலும் அல்லது மரண தண்டனை உள்ள குற்றங்களுக்கு 7 நாள் வரை, பிறகு மீண்டும் 7 நாள் வரை. இதுதான் முதல் 'ரிமாண்ட்'. இந்த நாட்களில் ஆள் இருப்பது காவல் நிலையத்தின் லோக்காப்பில். அங்கே பார்க்க அனுமதி கேட்க வேண்டியது வழக்கை விசாரிக்கும் அதிகாரியிடம்; எல்லாரும் 'ஐ.ஓ.' என்று சொல்கிறவர் அவர்தான். சிறைக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. உறவினருக்குத் தகவல் சொல்லவும் வழக்கறிஞரோடு பேசவும் கைதானவருக்கு உள்ள உரிமை அதே சட்டத்தின் 28ஏ பிரிவில் இருக்கிறது.

குற்றம் சாட்டப்பட்டு, ஜாமீன் மறுக்கப்பட்டோ, ஜாமீன் பணம் கட்ட முடியாமலோ, வழக்கு முடியும்வரை சிறையில் வைக்கப்படுவது இரண்டாவது 'ரிமாண்ட்'. இப்போதுதான் ஆள் சிறைத்துறையின் கைக்கு வருகிறார். இந்தக் கட்டுரையில் இனிச் சொல்வதெல்லாம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. பாதுகாப்புக் குற்றங்களுக்கான 2012ஆம் ஆண்டின் சொஸ்மா சட்டத்தின் கீழ் பிடிபட்டவர் என்றால், காவல்துறை 28 நாள் வரை வைத்திருக்கலாம். பெண்கள், 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள், நோயாளிகள் போன்றவர்களுக்குத் தவிர ஜாமீனும் கிடையாது என்பதால், அந்தக் குடும்பங்கள் நீண்ட நாள் போகவர வேண்டியிருக்கும் என்ற எண்ணத்தோடுதான் வேலையையும் பணத்தையும் ஒழுங்கு செய்துகொள்ள வேண்டும்.

ரிமாண்டில் இருப்பவரைப் பார்ப்பதற்கும் தண்டனைக் கைதியைப் பார்ப்பதற்கும் விதி வேறு. தண்டனை பெறாதவருக்குச் சந்திப்பு அடிக்கடி கிடைக்கும். தண்டனை பெற்றபின் இடைவெளி நீளும். தீர்ப்பு வந்த வாரத்தில் வழக்கம்போல் போய் நின்று திரும்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். தீர்ப்பு நாளுக்குப் பிறகு புதிதாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தொலைபேசியில் கேட்க வேண்டியவை

முதல் அழைப்பிலேயே கேட்டு எழுதிவைக்க வேண்டியது அவருடைய எண். அதை மலாயில் 'நொம்போர் பாடான்' என்பார்கள். பாடான் என்றால் உடம்பு. அம்மாவுக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே கண் கலங்கும் என்பதால் நாங்கள் வீட்டில் 'தம்பி நம்பர்' என்றே சொல்லிக்கொண்டோம். முன்பதிவுக்கும், கடிதம் போடுவதற்கும், பணம் கட்டுவதற்கும் இந்த எண் வேண்டும். அதோடு சந்திப்புக்குரிய நாள், பதிவு முகப்பு மூடும் நேரம், ஒரே சமயத்தில் எத்தனை பேர் உள்ளே போகலாம், பிள்ளைகள் அந்த எண்ணிக்கையில் சேர்வார்களா, கைத்தொலைபேசியை வைக்கப் பெட்டகம் உண்டா என்பவற்றையும் கேளுங்கள். வெள்ளிக்கிழமை என்றால் தொழுகை இடைவேளை நீளம், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். தைப்பூசம் போன்ற பொது விடுமுறையை ஒட்டிய நாட்களை நான் தவிர்த்துவிடுவேன்.

சிறைத்துறையின் இணையவழி முன்பதிவு வந்த பிறகு நேரில் போய் வரிசையில் நிற்கும் தொல்லை குறைந்திருக்கிறது. ஆனால் வீட்டில் இருக்கும் வயதானவர்களுக்கு அது ஒரு மதில்தான். பதிவைச் செய்யும் பிள்ளை, போகிறவரின் அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்துப் பெயரை அடிக்க வேண்டும். நம் பெயர்களில் இது பெரிய விஷயம். ஒரே முருகன் மைகார்டில் ஒரு ஜி, பிறப்புப் பத்திரத்தில் இரண்டு ஜி, திருமணப் பத்திரத்தில் அப்பா பெயரோடு சேர்த்து ஒரே சொல் என்று மூன்று விதமாக இருப்பான்.

பத்திரங்கள்

அசல் மைகார்ட் இல்லாமல் யாரும் உள்ளே போக முடியாது, நகல் உதவாது. பிள்ளைகளுக்கு அவர்களின் அடையாள அட்டையான மைகிட்டும் பிறப்புப் பத்திரமும், மனைவிக்குத் திருமணப் பத்திரமும், அண்ணன் தம்பி அக்காள் தங்கைகளுக்கு ஒரே பெற்றோரின் பெயர் உள்ள பிறப்புப் பத்திரங்களும் உறவைக் காட்டும். நெருங்கிய குடும்பத்தார் அல்லாதவர்கள், அதாவது நண்பர்களோ பக்கத்து வீட்டாரோ நிச்சயம் செய்த பெண்ணோ பார்க்க விரும்பினால், சிறை இயக்குநரின் அனுமதியை முன்கூட்டியே எழுதிக் கேட்பதுதான் சரி.

இங்கே ஒரு சங்கடம் நம் சமூகத்தில் அதிகம் உண்டு. கோயிலில் தாலி கட்டி, ஊருக்கெல்லாம் விருந்து வைத்து, பத்து வருடம் குடும்பம் நடத்தியிருப்பார்கள். திருமணத்தைப் பதிந்திருக்க மாட்டார்கள். 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்ட சீர்திருத்தச் சட்டம் நடப்புக்கு வந்த 1982 மார்ச் 1 முதல் முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணம் பதியப்பட வேண்டும்; தாலி அங்கே சான்று ஆகாது. பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் அப்பாவின் பெயர் இருந்தால் பிள்ளையை முன்வைத்து உறவைக் காட்டலாம். அதுவும் இல்லை என்றால், மாமியாரோடு சேர்ந்து போய், நிலைமையை மறைக்காமல் சொல்லி, இயக்குநருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். முகப்பில் சண்டை போட்டு வென்றவரை இதுவரை நான் கண்டதில்லை.

எல்லாப் பத்திரங்களையும் ஒரு கண்ணாடிக் கோப்பில் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நகலும் வைத்து, அந்தக் கோப்பை வேறு எதற்கும் எடுக்காதீர்கள்.

உடையும் கையில் கொண்டுபோவதும்

அரைச்சிலுவார் (அரைக்கால்சட்டை), கையில்லாச் சட்டை, குட்டைப் பாவாடை, உடலை ஒட்டிய உடை, வாசகம் அச்சடித்த டீ-சட்டை ஆகியவற்றை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ஆண்களுக்குக் காலர் வைத்த சட்டையும் நீளச் சிலுவாரும் மூடிய காலணியும் எங்கும் பிழையாகாது. பெண்களுக்குக் கை வைத்த பஞ்சாபி சூட்தான் மிகவும் வசதி. சேலை கட்டித்தான் வருவேன் என்பவர்கள் ஊசிகளைக் குறைத்துக்கொள்ளுங்கள். சோதனையில் ஒவ்வொரு ஊசியும் ஒரு நிமிடம். அம்மா முதல் தடவை தாலிச் சங்கிலியோடு சேர்த்து ஏழு பின் ஊசி குத்திக்கொண்டு வந்தார். மறுதடவையிலிருந்து சேலைக்கு விடைகொடுத்துவிட்டார்.

உணவு கொண்டுபோகாதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் நம் தாய்மார்கள் கேட்பதில்லை. வெறுங்கையோடு பிள்ளையைப் பார்க்கப் போவது அவர்களால் முடியாத காரியம். எங்கள் அம்மாவும் ஒரு மைலோ டின் நிறைய முறுக்கு சுட்டு எடுத்துவந்தார். வாயிலில் திருப்பிவிட்டார்கள். அந்த டின்னை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்புக் கூடத்தில் அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகு, சிறைக் கைதியின் கணக்கில் பணம் கட்டும் முறையை விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அந்தப் பணத்தில் சோப்பு, பற்பசை, பிஸ்கட் போன்றவற்றை உள்ளேயுள்ள கண்டீனில் அவரே வாங்கிக்கொள்ளலாம். எவ்வளவு கட்டலாம், எந்த வழியில் கட்டலாம் என்பதை அந்தந்தச் சிறையிலேயே கேளுங்கள். வெளியே நிற்கும் யாரும் 'நான் கொடுத்துவிடுகிறேன்' என்று சொன்னால் ஒரு காசும் கொடுக்காதீர்கள். மருந்தையும் கையில் கொடுக்க முடியாது. நீரிழிவோ, வலிப்போ, இதயக் கோளாறோ இருந்தால் மருத்துவமனை அட்டையின் நகலையும் மருந்துச் சீட்டையும் அலுவலரிடம் ஒப்படைத்து, சிறை மருத்துவப் பிரிவுக்குச் சேர்க்கச் சொல்லுங்கள். சிகரெட், கைத்தொலைபேசி, சிம் அட்டை போன்றவற்றை உள்ளே கடத்த உதவுவது குற்றம். 'ஒன்றே ஒன்று' என்று தம்பியே கெஞ்சினாலும் செய்யாதீர்கள். பார்க்கப் போனவர் வழக்கில் சிக்குவது அப்படித்தான்.

கண்ணாடிக்கு முன்னால்

பெரும்பாலும் நடுவில் தடித்த கண்ணாடி இருக்கும். பேசுவது இரு பக்கமும் உள்ள தொலைபேசிக் கருவியில். கம்பி குட்டையாக இருக்கும். இரண்டு பேர் போனால் ஒருவர் பேசுவதை மற்றவர் கேட்க முடியாது. அம்மா முதல்முறை கருவியைத் தலைகீழாகப் பிடித்து, காதில் வைக்க வேண்டிய பக்கத்தில் 'சாப்பிட்டியாப்பா, சாப்பிட்டியாப்பா' என்று கேட்டுக்கொண்டே இருந்தார். தம்பி அந்தப் பக்கமிருந்து கையைத் திருப்பிக் காட்டிக் காட்டி, கடைசியில் சிரித்துவிட்டான். நேரம் அதற்குள் இரண்டு நிமிடம் போயிருந்தது.

ஆகவே யார் முதலில், யார் எவ்வளவு நேரம் என்பதைக் காரிலோ பேருந்திலோ வைத்தே முடிவு செய்யுங்கள். நான் பார்த்த அளவில் அம்மா முதலில், பிள்ளைகள் நடுவில், காரியம் பேச வேண்டியவர் கடைசியில் என்பதுதான் நன்றாக வருகிறது. காரியத்தை முதலில் எடுத்தால் அம்மாவுக்கு நேரமே மிஞ்சாது. எழுதிக்கொண்டு போகும் தாளை உள்ளே விடுவார்கள் என்று நம்பாதீர்கள். அம்மா கண்டுபிடித்த வழி விரல் எண்ணுவது. கட்டைவிரல் உடம்பு, ஆள்காட்டி விரல் சாப்பாடு, நடுவிரல் வழக்கறிஞர் வந்தாரா, மோதிர விரல் பணம் சேர்ந்ததா, சுண்டுவிரல் என்ன வேண்டும். ஐந்தையும் மடக்கிய பிறகு மீதி நேரம் பேரப்பிள்ளைகளின் கதைக்கு.

பேசக் கூடாதவை சில உண்டு. வழக்கின் உள்விவரத்தை அங்கே பேசாதீர்கள். சந்திப்பு அலுவலர்களின் கண்காணிப்பில் நடப்பது, அதை வழக்கறிஞரோடு தனியாகப் பேசுவதற்கு வேறு ஏற்பாடு இருக்கிறது. 'நீ செய்தாயா, இல்லையா' என்ற கேள்வியைக் கண்ணாடிக்கு முன்னால் வைக்காதீர்கள். அதற்கு அங்கே உண்மையான பதில் வராது. வந்தாலும் உங்களால் ஒன்றும் செய்ய இயலாது. கடன்காரன் வீட்டு வாசலில் வந்து கத்தினான் என்பதும் அப்படியே. உள்ளே இருப்பவர் அதைக் கேட்டு இராத்திரி தூங்காமல் கிடப்பதைத் தவிர வேறு பயன் இல்லை.

மரணச் செய்தி மட்டும் வேறு. எங்கள் தாத்தா இறந்தபோது அதைச் சொல்வதா மறைப்பதா என்று வீட்டில் இரண்டு நாள் வாதம் நடந்தது. சொல்லத்தான் வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் கடைசி நிமிடத்தில் சொல்லிவிட்டு எழுந்துவிடக் கூடாது. பதிவு முகப்பில் அலுவலரிடம் முதலில் தெரிவியுங்கள், பிறகு சந்திப்பின் தொடக்கத்திலேயே சொல்லி, அழ நேரம் கொடுத்து, மற்றதை அதற்குப் பின் பேசுங்கள்.

பிள்ளைகளை அழைத்துப்போவது

'அப்பா சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிருக்கிறார்' என்பது நம் வீடுகளில் தயாராக இருக்கும் பொய். ஐந்து வயதுப் பிள்ளை அதை நம்பும். சிறைச் சீருடையில் அப்பாவைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்க்கும் நாளில் நம்பாது. அதன் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் நம்பாது. அழைத்துப்போவது என்று முடிவு செய்தால், அதற்கு முந்தின வாரமே, 'அப்பா ஒரு தப்புச் செய்ததாகச் சொல்கிறார்கள், அதற்காக அங்கே இருக்க வேண்டும், நம்மைப் பார்க்க ஆசைப்படுகிறார், தொட முடியாது, போனில் பேசலாம்' என்ற அளவில் சொல்லிவையுங்கள். அக்காள் மகளுக்கு நாங்கள் இரண்டு காலித் தண்ணீர் போத்தலை வைத்து வீட்டிலேயே 'கண்ணாடிப் போன்' விளையாடிக் காட்டினோம். அங்கே போனதும் அவள்தான் பாட்டிக்குக் கருவியைச் சரியாகப் பிடித்துக் கொடுத்தாள்.

காத்திருப்பு நீளும். உள்ளே போகுமுன் பிள்ளைக்குச் சாப்பாடு கொடுத்து, கழிவறைக்கு அழைத்துப்போங்கள். பள்ளி நாளாக இருந்தால் வகுப்பாசிரியரிடம் 'குடும்ப வேலை' என்று மட்டும் சொன்னால் போதும். பொய்யான மருத்துவச் சான்றிதழுக்கு அலையாதீர்கள்.

வெளியே வந்த பிறகு

எல்லாரும் முதலில் கேட்பது 'எப்போது வருவான்' என்பதுதான். அதற்குச் சிறையில் இரண்டு தேதி சொல்வார்கள்: இ.டி.ஆர். என்பது சீக்கிரமாக விடுதலையாகக்கூடிய நாள், எல்.டி.ஆர். என்பது முழுத் தண்டனையும் முடியும் நாள். 2000ஆம் ஆண்டின் சிறை விதிமுறைகளின்படி நன்னடத்தைக்குத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு கழிவு உண்டு. மூன்று ஆண்டு என்றால் 36 மாதத்தில் 12 கழித்து 24 மாதம். எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதைத் தீர்ப்பில்தான் பார்க்க வேண்டும். கைதான நாளிலிருந்து என்று நீதிமன்றம் சொல்லியிருந்தால் ரிமாண்டில் கழிந்த மாதங்களும் சேரும். உள்ளே ஒழுங்கு மீறினால் கழிவு குறையும், ஆயுள் தண்டனை போன்றவற்றுக்கு இந்தக் கணக்கு பொருந்துமா என்பதைத் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆகவே இ.டி.ஆர். நாளை வைத்து மண்டபம் பதிவு செய்துவிடாதீர்கள். 2008 முதல் பரோல் முறையும் இருக்கிறது; அதற்குத் தகுதி உண்டா என்பதைச் சிறை அலுவலரிடமே கேளுங்கள்.

வழக்கறிஞர் வைக்க வசதி இல்லாதவர்கள், கைது, ரிமாண்ட், ஜாமீன் கட்டங்களில் குடிமக்களுக்கு இலவசமாக உதவும் தேசியச் சட்ட உதவி அறநிறுவனத்தையும், பினாங்கு வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தையும் அணுகலாம். சம்பாதிக்கும் ஆள் உள்ளே போய்விட்டதால் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்றால் சமூக நலத்துறையில் பிள்ளைகளுக்கான உதவித்தொகைக்கு மனுப் போடலாம். வெட்கப்பட்டுக்கொண்டு ஆறு மாதம் தாமதித்தது எங்கள் வீட்டுத் தவறு. உள்ளே அடித்தார்கள், மருத்துவம் கொடுக்கவில்லை என்று தெரிந்தால், நாளும் நேரமும் குறித்து இயக்குநருக்கு எழுதி, அதன் நகலை மனித உரிமை ஆணையமான சுஹாகாமுக்கு அனுப்புங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து பிடிபட்டவர்களின் குடும்பங்களுக்கு ஒரு குறிப்பு: பெர்மிட் பிரச்சினையில் பிடிபட்டவர் சிறையில் இல்லாமல் ஜூருவில் உள்ளது போன்ற குடிநுழைவுத் தடுப்பு முகாமில் இருக்கலாம். அது சிறைத்துறையின் சிறை அன்று, அங்கே விதியும் வேறு. கடப்பிதழ் எண்ணோடு கோலாலம்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்துக்கு எழுதினால் அவர்கள் விசாரித்துச் சொல்வார்கள்.

சந்திப்புகளுக்கு இடையில் கடிதம் எழுதுங்கள். அது படித்துப் பார்க்கப்பட்ட பிறகே அவர் கைக்குப் போகும் என்பதால், வெளியாள் படித்தால் வெட்கமில்லாத விஷயங்களையே எழுதுங்கள்: மழை, கோயில் திருவிழா, பக்கத்து வீட்டு நாய்க்குட்டி. தீபாவளியை ஒட்டிச் சிறைகளில் சிறப்புச் சந்திப்புக்கு நாள் ஒதுக்குவார்கள். சில கைதிகளுக்கு 'ஜாலினான் காசே' என்ற நிகழ்ச்சியில் கண்ணாடி இல்லாமல் குடும்பத்தோடு உட்காரவும் வாய்ப்புக் கிடைக்கும். அதற்கு ஆளைத் தேர்ந்தெடுப்பது சிறை நிர்வாகம்தான். சிறப்புச் சந்திப்பின் தேதியைப் புரட்டாசி மாதம் தொடங்கியதுமே தொலைபேசியில் விசாரிக்க ஆரம்பித்துவிடுங்கள். அம்மா இப்போதே நாட்காட்டியில் பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருக்கிறார். முறுக்கு மாவை மட்டும் தம்பி வெளியே வரும் வரை அரைப்பதில்லை என்கிறார்.